தராசில் போட்டது யாருக்கு?

பில்லிங்ஸ்
பிப்ரவரி 19, 1978

எம்மெட்,

போனில் பேசியிருப்பேன். ஆனால் உன் பக்கத்தில் நாலு வீட்டுக்கும் ஒரே போன் லைன், நாலு வீடும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். திருமதி குண்டர்சன் மூச்சுவிடும் சத்தம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

கேள்வி ஒன்றுதான். தோட்டா மருந்து அளக்கும் மெஷினில் எதைத் திருகி வைத்துக் கொடுத்தாய்?

அக்டோபரில் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நீயாகத்தான் அதைப் பழைய துணியில் சுற்றி என் வண்டியில் ஏற்றினாய். சின்னத் தராசையும் கூடவே வைத்தாய். கேட்காததைக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் அடுத்தவன் வீட்டில் நிரப்பிய தோட்டாவை எவனும் தன் துப்பாக்கியில் போடமாட்டான். பெண்டாட்டிக்குப் புருஷன் நிரப்பிக் கொடுப்பது ஒன்றுதான் ஊர் ஒப்புக்கொண்ட விலக்கு. பதினோரு வருஷம் நீ நிரப்பிக் கொடுத்ததைத்தான் சுட்டேன். இனி அது நடக்காது என்பதால், என் அக்கா ஜாய்ஸ் வீட்டு அடித்தளத்தில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு நானே நிரப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி கிளப்புக்குப் போனேன். கிளப்புக்காரன் டுவெய்ன் குண்டின் வேகம் அளக்கும் பெட்டியை என் துப்பாக்கிக்கு முன்னால் வைத்தான். ஒரு குண்டின் வேகத்துக்கும் அடுத்த குண்டின் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரம் கஜத்தில் ஒன்று குறி அட்டையின் தலையில் விழுந்தது, ஒன்று காலில் விழுந்தது. டுவெய்ன் சொன்னான்: "இந்தாம்மா வெர்லா, காத்து தள்ளுச்சுன்னா இடமும் வலமுமாத்தான் போகும். மேலயும் கீழயும் போனா அது மருந்தோட கோளாறு. எவனோ உனக்கு ஆப்பு வச்சிருக்கான்."

எவனோ என்றால் யார்? எனக்குத் தெரிந்து அந்த மெஷினைத் தொட்டவன் ஒருவன்தான்.

ஜூனில் மாநிலப் போட்டி. இதுவரை எல்லாப் போட்டியிலும் நீ முதல், நான் இரண்டாவது. இந்தத் தடவை நான் தனியாக வருகிறேன். எனக்குச் சுடத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கே தெரிய வேண்டும். அதைக் கெடுக்காதே.

வெர்லா


டிரை ஃபோர்க்
பிப்ரவரி 27

வெர்லா,

மெஷினில் நான் எதையும் திருகவில்லை. உனக்குக் கெடுதல் செய்ய வேண்டுமென்றால் அந்த வண்டியைக் கொடுத்ததே போதும், அதன் பிரேக்கைப் பற்றி உனக்குத் தெரியும்.

நீ போடுவது குச்சி மருந்து. நொறுக்கிய பென்சில் முனை மாதிரி நீளநீளமாக இருக்கும். கைப்பிடியைத் தூக்கும்போது ஒரு குச்சி உருளையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும், இறக்கும்போது நறுக்கென்று வெட்டுப்படும். கையில் அந்த நறநறப்பு தெரிந்தால் அந்த அளவைத் திரும்பக் கொட்டிவிடு. மேலே உள்ள குடுவை பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள். கைப்பிடியை ஒருதரம் படக்கென்றும் ஒருதரம் மெதுவாகவும் ஆட்டாதே. உன் கை உன் மனசு மாதிரி, ஒரு நிமிஷம் இருக்கிற மாதிரி அடுத்த நிமிஷம் இருக்காது.

எப்படியும் மெஷினை மட்டும் நம்பாதே. கொஞ்சம் குறைவாக இறக்கித் தராசுத் தட்டில் கொட்டு. மீதியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவா. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அப்படித்தான். ஐம்பது போட ஒரு காலைப்பொழுது ஆகும். வேறு வழி கிடையாது, நான் அப்படித்தான் செய்தேன்.

டுவெய்னுக்கு வேறு வேலையே இல்லையா? ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறானே, அவன் பெண்டாட்டி எங்கே போனாள்?

இங்கே கன்று ஈனும் காலம் ஆரம்பித்துவிட்டது. தூக்கமில்லை.

எம்மெட்


பில்லிங்ஸ்
மார்ச் 6

எம்மெட்,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "நான் அப்படித்தான் செய்தேன்" என்று எழுதியிருக்கிறாய்.

எப்போது செய்தாய்? சனிக்கிழமைகளில் நீ ஷெட்டில் தோட்டா நிரப்பும்போது காப்பி கொண்டுவந்து கொடுத்தவள் நான். ஒருநாள்கூட நீ தராசைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கைப்பிடி மேலே, கைப்பிடி கீழே, அடுத்த தோட்டாக் கூடு. பத்து நிமிஷத்தில் ஒரு பெட்டி முடிந்துவிடும். "என்ன எம்மெட், எடை போட வேணாமா?" என்று ஒருதரம் கேட்டதற்கு, "இது போதும் போ" என்றாய்.

இதை டுவெய்னிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு கதை சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் பள்ளி பஸ் ஓட்டப் போயிருந்த நேரத்தில், வேலிக்கம்பி வாங்க உன் ஷெட்டுக்கு வந்தானாம். "உன் வீட்டுக்காரன் ஒண்ணொண்ணா தராசுல போட்டுக்கிட்டிருந்தான். என்னைப் பாத்ததும் மேல துண்ட எடுத்து மூடிட்டான். 'என்னடா பண்ற'ன்னேன். 'ஒண்ணுமில்ல, சும்மா'ன்னான். கள்ளச் சாராயம் காய்ச்சுறவன் மாதிரி முழிச்சான்."

ஆக, எனக்குத் தெரிந்தும் நிரப்பினாய், தெரியாமலும் நிரப்பினாய். சனிக்கிழமை என் கண்ணெதிரே அள்ளிப்போட்டது நீலப் பெட்டிக்குப் போயிருக்கிறது, எனக்கு. செவ்வாய்க்கிழமை ஒளித்து ஒளித்து எடை போட்டது சிவப்புப் பெட்டிக்குப் போயிருக்கிறது, உனக்கு. அப்படித்தானே?

அப்படியானால் நான் உன்னிடம் தோற்கவே இல்லை. உன் தராசிடம் தோற்றிருக்கிறேன். நீ மேடையேறிக் கோப்பையை வாங்கிவிட்டு, கீழே வந்து என் தோளைத் தட்டி என்ன சொல்வாய்? "பரவாயில்லம்மா, ரெண்டாவது இடமும் ஒரு இடந்தானே." போன செப்டம்பரில் அதைக் கேட்டபோதுதான் இனி இந்த மனுஷனோடு இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். அதைச் சொல்லும்போது உன் நாக்கு கூசவில்லையா?

பதில் எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

வெர்லா


டிரை ஃபோர்க்
மார்ச் 15

வெர்லா,

ஆமாம், எடை போட்டேன். நீ பஸ் ஓட்டப் போன பிறகுதான் போட்டேன். டுவெய்ன் வந்தபோது மூடினேன், அதுவும் உண்மை.

யாருக்கு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை. உன்னிடம் நீலப் பெட்டியில் நான் நிரப்பியது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டித் தராசில் போட்டுப் பார். பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவளுக்கு அதுகூடவா நான் சொல்லித்தர வேண்டும்?

ராத்திரி ஒரு கன்று செத்துப் பிறந்தது. விடியும்வரை கண் மூடவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் ஏதாவது காரணம் கண்டுபிடிக்காதே.

எம்மெட்


பில்லிங்ஸ்
மார்ச் 24

எம்மெட்,

பிரித்துப் பார்த்தேன்.

பதினெட்டு மிச்சமிருந்தது. ஒவ்வொன்றாகச் சுத்தியல் மாதிரி இருக்கும் கழற்றும் கருவியில் மாட்டித் தரையில் தட்டிக் குண்டைக் கழற்றினேன். மருந்தைத் தட்டில் கொட்டினேன். முதல் நாலு சரியாக இருந்தது. உன்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஐந்தாவது மூன்று கோடு கூட. ஆறாவது அதைவிடக் கூட. அப்புறம் திடீரென்று குறைச்சல். மறுபடி சரி. மறுபடி கோணல். சந்தைக்கடையில் கைக்கு வந்ததை அள்ளிப்போட்ட மாதிரி இருக்கிறது.

பிரித்துப் பார் என்று என்ன தைரியத்தில் எழுதினாய்? நான் பிரிக்கமாட்டேன் என்று நினைத்தாயா? "வெர்லா கோபப்படுவாள், ரெண்டு நாள் முறைத்துக்கொண்டிருப்பாள், அப்புறம் மறந்துவிடுவாள்" என்ற கணக்கா?

இதை ஜாய்ஸிடம் சொல்லி அழுதேன். "ஏன்டி, ஒரு சிட்டிகை பொடிக்கா இந்த அழுகை?" என்றாள். அவளுக்குப் புரியாது. உனக்குப் புரியும், அதனால்தான் உன்மேல் இவ்வளவு ஆத்திரம். வேறு பெண்ணோடு போயிருந்தால்கூட இந்த அளவுக்கு எரிந்திருக்காது. நான் மட்டமானவள் என்று என்னையே நம்பவைத்துவிட்டாய்.

ஜூனுக்குப் பிறகு வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

வெர்லா


டிரை ஃபோர்க்
மார்ச் 30

வெர்லா,

அது நடக்கவே முடியாது.

இதைப் படித்ததும் கீழே போ. தராசு எங்கே இருக்கிறது என்று பார். அடித்தளம் என்கிறாய். ஜாய்ஸ் வீட்டைச் சூடாக்கும் உலை அங்கேதானே இருக்கிறது? இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதன் காற்றுக்குழாய்க்கு அடியில் உட்கார்ந்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. உலை தானாகப் பற்றிக்கொள்ளும்போது சூடான காற்று ஊதும், அணையும்போது நின்றுவிடும். அந்தத் தராசின் தட்டு உன் மூச்சுக்கே ஆடும். ஒரு கதவைச் சாத்தினால்கூட அதற்குத் தெரியும். நாலு சரி, நாலு கோணல், மறுபடி நாலு சரி என்று வந்தால் அது மருந்தல்ல, காற்று.

தோட்டா நிரப்புகிறவர்கள் எல்லாரும் ஒருதரம் செய்கிற தப்புதான். நானும் செய்திருக்கிறேன், மின்விசிறிக்கு அடியில்.

மருந்தைக் கீழே கொட்டிவிடவில்லையே? தனித்தனியாக வைத்திருந்தால் சாப்பாட்டு மேசைக்கு எடுத்துப்போ. உலையை அணைத்துவிட்டு மறுபடி எடை போடு. அதற்கப்புறம் வக்கீலிடம் போ, எவனிடம் வேண்டுமானாலும் போ.

எம்மெட்


பில்லிங்ஸ்
ஏப்ரல் 10

எம்மெட்,

மருந்தைக் கொட்டவில்லை. சாட்சியாக இருக்கட்டும் என்று கேக் செய்யும் காகிதக் கிண்ணங்களில் தனித்தனியாக வைத்திருந்தேன். ஜாய்ஸின் சாப்பாட்டு மேசையில், உலையை அணைத்து, அவளை மூச்சுவிடாமல் ஓரமாக உட்காரவைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

பதினெட்டும் ஒன்றுபோல இருந்தது. முள் அரைக்கோடுகூட நகரவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. செவ்வாய்க்கிழமை எடை போட்டது எனக்கு என்றால், சனிக்கிழமை என் கண்ணெதிரே அள்ளிப்போட்டது யாருக்கு? வண்டி இருக்கைக்கு அடியில் உன் சிவப்புப் பெட்டி ஒன்று கிடந்தது, போன செப்டம்பர்ப் போட்டியில் மிச்சமானது. அதில் ஏழு இருந்தது. அதே மேசையில், அதே தராசில் பிரித்தேன்.

ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. மூன்று கோடு, நாலு கோடு வித்தியாசம்.

ஜாய்ஸ் சொன்னாள்: "அடிப்பாவி, உனக்கு நல்லதக் குடுத்துட்டு அவன் மட்டமானத வச்சுக்கிட்டிருக்கான்டி. இதுக்கா அந்த மனுசனத் திட்டுன?" அவள் கண்ணில் தண்ணீர். எனக்கு வந்தது வேறு.

எம்மெட், இது முன்னே நான் நினைத்ததைவிட மோசம். நீ என்னை ஏமாற்றியிருந்தால், நான் நல்லாச் சுடுகிறவள், ஏமாந்துபோனேன் என்று இருந்திருப்பேன். இப்போது என்ன ஆயிற்று? நல்ல தோட்டாவை என் கையில் கொடுத்து, கோணல் தோட்டாவை நீ வைத்துக்கொண்டு, அப்படியும் வருஷா வருஷம் என்னைத் தோற்கடித்திருக்கிறாய். ஒரு கையைக் கட்டிக்கொண்டு குழந்தையோடு ஓடுகிற மாதிரி. அதற்குமேல் தோளைத் தட்டி, "ரெண்டாவது இடமும் ஒரு இடந்தானே."

ஏன் செய்தாய்? எனக்குப் பாவம் பார்த்தாயா?

வெர்லா


டிரை ஃபோர்க்
ஏப்ரல் 22

வெர்லா,

பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. நீ கேட்டதால் சொல்கிறேன், சிரிக்காதே.

கல்யாணமான வருஷம் முதல் போட்டியில் தோற்றுவிட்டு, மைல்ஸ் சிட்டியிலிருந்து வீடுவரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்து பொரித்த இறைச்சியைத் தட்டில் போட்டாய், ஆணி அடிக்கிற மாதிரி. ஒரு வாரம் அப்படியே இருந்தாய். அடுத்த வருஷமும் அதேதான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒருதரம் நீ ஜெயித்து, சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான்.

வேண்டுமென்றே தோற்கலாம் என்றும் பார்த்தேன், என்னால் முடியவில்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்தால் எனக்கு ஊர், உலகம், நீ, எதுவுமே ஞாபகத்தில் இருப்பதில்லை. கை அதுபாட்டுக்கு நடுவில்தான் போய் நிற்கும். தப்பாகச் சுட என் கைக்குத் தெரியாது. சரி, மருந்தாவது காலை வாரிவிடட்டும் என்று எனக்கு மெஷினில் இறக்கியதை வைத்துக்கொண்டு, உனக்கு எடை போட்டுக் கொடுத்தேன். அப்படியும் நீ காற்றைப் பார்க்காமல் அவசரப்பட்டு இடது பக்கமும் வலது பக்கமும் சுட்டால் நான் என்ன செய்வேன்?

தோளைத் தட்டியது ஆறுதலுக்கு. அதில் இவ்வளவு விஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையைப் பையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

எம்மெட்


பில்லிங்ஸ்
மே 3

எம்மெட்,

நான் சிரிக்கவில்லை.

காற்றைப் பார்க்காமல் சுட்டேன் என்பது உண்மை. என் பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லா ஓட்டையும் துணிக்கொடியில் காயப்போட்ட மாதிரி ஒரே உயரத்தில், இடமும் வலமுமாகத்தான் இருக்கிறது. மருந்தில் குற்றமில்லை, என்மேல்தான். இந்த வசந்தம் முழுக்க கிளப்பில் தோட்டாவே போடாமல் காற்றுக் கொடியையும் புல்லையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எங்கே தள்ளும் என்று நான் சொல்லச் சொல்ல, டுவெய்ன் தப்பா சரியா என்று சொன்னான். அவன் பெண்டாட்டியும் கூடத்தான் இருந்தாள், கவலைப்படாதே.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஜூனில் உன் தோட்டாவை எடை போட்டு நிரப்பு. ஒன்றுவிடாமல் எடை போடு. மெஷினில் இறக்கிய ஒரே ஒரு தோட்டாவை நீ சுட்டாலும் உன் அட்டையில் மேலும் கீழுமாகத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், நான் ஜெயித்தாலும் கோப்பையை உன் முகத்தில் வீசிவிட்டுப் போய்விடுவேன். அதற்கப்புறம் உன்னோடு எனக்கு ஒரு பேச்சும் கிடையாது.

நான் தோற்கத் தயார். உன் தயவில் ஜெயிக்கத் தயாராக இல்லை.

வெர்லா


டிரை ஃபோர்க்
மே 12

வெர்லா,

சரி.

அழுவதற்குக் கைக்குட்டை கொண்டுவா.

எம்மெட்


பில்லிங்ஸ்
ஜூன் 27

எம்மெட்,

கோப்பை ஜாய்ஸின் அடுப்புக்கு மேலே இருக்கிறது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

இரண்டு புள்ளி வித்தியாசம். முதலிடத்துக்கு என் பெயரைச் சொன்னபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நீ வந்து கை கொடுத்தாய், இறுக்கிப் பிடித்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாய்.

எல்லாரும் போன பிறகு உன் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மேலும் கீழும் போகவில்லை. மருந்தை எடை போட்டிருக்கிறாய், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிக்கு முந்தின இரண்டு குண்டும் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அந்த நேரம் கொடி தொங்கிவிட்டு மறுபடி வலது பக்கத்திலிருந்து கிளம்பியது. நான் பார்த்தேன், காத்திருந்தேன், பிறகு சுட்டேன். நான் பார்த்தது உனக்குத் தெரியாமல் போகுமா? இருபது வருஷமாகக் காற்றைப் படிக்கிறவனுக்கு?

வேண்டுமென்றே தோற்கத் தெரியாது என்று எழுதினாய். தெரியாதவன் கற்றுக்கொள்ளலாமே. மருந்தென்றால் பிரித்துத் தராசில் போட்டுப் பார்ப்பேன். இதை நான் எதில் போட்டுப் பார்ப்பது? நான் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக அந்த இரண்டையும் தள்ளிச் சுட்டாயா? உண்மையைச் சொல். உண்மை எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வெர்லா


டிரை ஃபோர்க்
ஜூலை 3

வெர்லா,

என்ன திமிர் உனக்கு! நான் விட்டுக்கொடுத்தேனா? நானா?

அந்தக் காற்றை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உன்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பேன். கொடி தொங்கியது, காற்று நின்றுவிட்டது என்று நினைத்தேன், இரண்டு தடவையும் ஏமாந்தேன். போதுமா? எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது கேட் கம்பத்தில் வண்டியை இடித்து முன்விளக்கை உடைத்தேன். ஒரு வாரமாக இந்த வீட்டில் நாய்கூட என் கிட்டே வருவதில்லை.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். நீ சுடும்போது உன் பின்னால் நின்று டுவெய்ன் எதற்குத் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்? வலது பக்கம் இரண்டுதரம், இடது பக்கம் ஒருதரம். நான் குருடன் இல்லை. அது காற்றுக்குச் சைகை இல்லாமல் வேறு என்ன? சுடுவதற்கு உனக்கு ஏழாவது இடம் எப்படிக் கிடைத்தது? அங்கே கண்ணில் வெயில் படாது. என் இடத்தில் வெயில் நேராக முகத்தில் அடித்தது, அதை யார் ஏற்பாடு செய்தார்கள்?

உன் தோட்டாவைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஐந்து மாசத்துக்கு முன் தலைக்கும் காலுக்கும் சுட்டவளால் எப்படித் திடீரென்று எல்லாக் குண்டையும் ஒரே இடத்தில் குவிக்க முடியும்? அதை நீதான் நிரப்பினாயா, டுவெய்ன் நிரப்பிக் கொடுத்தானா? மிச்சம் இருந்தால் எனக்கு வேண்டும். தபாலில் தோட்டா வாங்கமாட்டார்கள், யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். கிளப்புக்கு முறையீடு எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன், ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

செப்டம்பரில் உன்னைத் தரையோடு தேய்க்கிறேனா இல்லையா பார்.

எம்மெட்


பில்லிங்ஸ்
ஜூலை 8

எம்மெட்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் ஜாய்ஸுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "மனுசனுக்கு எவ்வளவு பொறாமை பாருடி!" என்று அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தேன், அப்புறம் அழுதேன். எது எங்கே முடிந்து எது ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

உன்னோடு குடும்பம் நடத்தியவள் நான். உனக்கு நடிக்க வராது. என் பிறந்தநாளைக்குப் பரிசு வாங்கி வைத்தால் மூன்று நாள் முன்பே உன் முகத்தில் தெரிந்துவிடும். விளக்கை உடைத்து, நாயைத் துரத்தி, வெயில்மேல் வழக்குப் போடுகிற இந்தக் கோபத்தை உன்னால் இட்டுக்கட்டி எழுத முடியாது. நான் உன்னை ஜெயித்திருக்கிறேன். நிஜமாகவே ஜெயித்திருக்கிறேன். கோப்பையைக் கையில் கொடுத்தபோது வராத சந்தோஷம் உன் வசவைப் படித்ததும் வந்தது. நீ என்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது இதுதான் முதல் தடவை, எம்மெட். இத்தனை வருஷமும் நான் கேட்டது இதைத்தான். கேட்கத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டுவெய்ன் தலையில் சொறி. அவன் பெண்டாட்டி கொடுத்த களிம்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், தொப்பிக்குள் வேர்த்து அரித்தது. ஏழாவது இடம் குலுக்கிப் போட்டதில் கிடைத்தது. தோட்டாவை நான்தான் நிரப்பினேன், ஒவ்வொன்றும் என் கையால்.

நீ நம்பமாட்டாய். நம்பவும் வேண்டாம். பன்னிரண்டு தோட்டா மிச்சமிருக்கிறது. அதை யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டேன், அடுத்த சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். உன் ஷெட்டில், உன் கண்ணெதிரே பிரித்துக் கொட்டுகிறேன், நீயே எடை போடு. ஒன்றாவது கோணலாக இருந்தால் அந்த முறையீட்டுக்கு நானே ஸ்டாம்ப் ஒட்டுகிறேன். பன்னிரண்டும் சரியாக இருந்தால், "வெர்லா, நீ என்னைவிட நல்லாச் சுட்ட" என்று உன் வாயால் சொல்ல வேண்டும், திருமதி குண்டர்சன் கேட்கட்டும் என்று போனை எடுத்து வைத்துக்கொண்டு.

சொல்லிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசாமல் இரு. நான் அங்கேதான் இருப்பேன்.

வெர்லா